மேசைக் கணினியில் எஸ்எஸ்டி பொருத்துதல்

மேசைக் கணினியுடன் வந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகவோ துணையாகவோ, எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைத் தனியாக வாங்கிப் பொருத்தி, இயங்குதளத்தை அதற்கு மாற்றும் பணி இது. 2010க்குப் பின் பல ஆண்டுகள் அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் விற்கப்பட்ட மேசைக் கணினிகளில் மிகப் பல ஹார்ட் டிஸ்க்கை மட்டுமே கொண்டவை. அவற்றில் செயலியையோ கிராஃபிக்ஸ் அட்டையையோ மாற்றுவதைவிட இந்த ஒரு மாற்றமே அன்றாடப் பயன்பாட்டில் அதிக வேகம் தரும்.

தாமதத்தின் காரணம்

ஹார்ட் டிஸ்க், சுழலும் தட்டும் அதன்மேல் நகரும் தலையும் கொண்ட ஓர் இயந்திரம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லிவினாடி ஆகும். வேண்டிய தகவல் தலைக்கு நேராக வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் தலை உரிய தடத்துக்கு நகர எட்டு, ஒன்பது மில்லிவினாடி போகும். ஆக, வினாடிக்கு 80 இடங்களில் தேடிப் படித்தாலே பெரிய காரியம். ஒவ்வோர் இடத்திலும் 4 கிலோபைட் படிப்பதாகக் கொண்டால் வினாடிக்குக் கிடைப்பது 320 கிலோபைட். இதே டிஸ்க், ஒரு திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வினாடிக்கு 150 மெகாபைட்கூடத் தரும்.

விண்டோஸ் தொடங்கும்போது படிப்பது அப்படிப்பட்ட நீளமான ஒரே கோப்பை அல்ல. தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை. விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும்; ஆனால் படிக்கும் வேகம் ஓரிரு மெகாபைட்டைத் தாண்டாது. செயலி சும்மா இருக்கும்.

எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லை. ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடி போதும். சாட்டா என்ற கேபிள் இணைப்பில் இயங்கும் சாதாரண எஸ்எஸ்டிகூட, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாலும், வினாடிக்கு 7,000 முதல் 10,000 சிறு துண்டுகளைப் படித்துத் தரும். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 550, 3,500, 7,000 போன்ற மெகாபைட் எண்கள் தொடர்ச்சியான படிப்புக்கு உரியவை. பழைய கணினி வேகம் பெறுவது அந்த எண்ணால் அல்ல, இந்தத் தேடல் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறைவதால். இதைப் புரிந்துகொண்டவர் கடையில் தேவைக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

பின்னணி

வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க், ஐபிஎம் 1956இல் வெளியிட்ட ராமாக் கணினியில் இருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளை அது சேமித்தது. எஸ்எஸ்டிக்கு அடிப்படையான ஃபிளாஷ் நினைவகம் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. அதன் நார் வகை 1984இலும், இன்று எல்லா எஸ்எஸ்டியிலும் உள்ள நான்ட் வகை 1987இலும் அறிவிக்கப்பட்டன. பின்னாளில் சான்டிஸ்க் எனப் பெயர் மாறிய சன்டிஸ்க் நிறுவனம் 1991இல் ஐபிஎம்முக்கு வழங்கிய 20 மெகாபைட் எஸ்எஸ்டியின் விலை சுமார் 1,000 டாலர். சாதாரணப் பயனரின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது 2008இல் இன்டெல் எக்ஸ்25-எம் வந்தபோதுதான். அதன் 80 ஜிபி வடிவம் 595 டாலருக்கு அறிமுகமானது.

ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஒரு வினோதம் உண்டு. எழுதுவது சிறு சிறு பக்கங்களாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த பெரிய தொகுதியாக. பயனர் நீக்கிய கோப்பு இனி வேண்டாம் என்பதை இயங்குதளம் சொல்லாவிட்டால் எஸ்எஸ்டிக்குத் தெரியாது. வேண்டாத தகவலையும் சுமந்து இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், நாளடைவில் எழுதும் வேகம் குறையும். அதைச் சொல்லும் கட்டளைக்கு ட்ரிம் என்று பெயர். 2009இல் விண்டோஸ் 7உடனும், 2010இல் லினக்ஸ் கெர்னல் 2.6.33உடனும் அது வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினியில் எஸ்எஸ்டி வேலை செய்யும். ஆனால் ட்ரிம் இல்லை, பகிர்வுகளும் 63ஆம் செக்டாரில் தொடங்குவதால் ஃபிளாஷ் பக்க எல்லைகளோடு ஒட்டாது.

எது பொருந்தும்

மேசைக் கணினிக்கான எஸ்எஸ்டிகள் இரண்டு உருவங்களில் கிடைக்கின்றன. மடிக்கணினி டிஸ்க் அளவிலான 2.5 அங்குலப் பெட்டி சாட்டா கேபிளில் இணையும். சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 அட்டை மதர்போர்டிலேயே செருகப்படும். 2280 என்ற அளவுக்குறி 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள்படும். எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டுமே. அதே உருவத்துக்குள் சாட்டா வழியாகப் பேசும் அட்டையும் உண்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக என்விஎம்இ நெறிமுறையில் பேசும் அட்டையும் உண்டு. ஒன்றுக்கு மட்டுமான பள்ளத்தில் மற்றது செருகிக்கொள்ளலாம், ஆனால் கணினியின் கண்ணில் படாது. சில மதர்போர்டுகளில் எம்.2 பள்ளத்தைப் பயன்படுத்தினால் சாட்டா இணைப்புகளில் ஒன்றிரண்டு அணைந்துவிடும். இவையெல்லாம் மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். வாங்கும் முன் ஐந்து நிமிடம் அதைப் புரட்டுவது நல்லது.

2011 முதல் இந்தியச் சந்தையில் ஏராளமாக விற்ற இன்டெல் எச்61 மதர்போர்டை எடுத்துக்கொள்வோம். அதில் எம்.2 பள்ளம் கிடையாது. நான்கு சாட்டா இணைப்புகளும் வினாடிக்கு 3 கிகாபிட் வகை. 6 கிகாபிட் இணைப்பு அந்தச் சிப்செட்டிலேயே இல்லை. பெட்டியில் 550 என்று போட்ட எஸ்எஸ்டி அங்கே 270, 280 மெகாபைட்டோடு நின்றுவிடும். பாதி வேகம் வீண் என்று கருதி பலர் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. சிறு கோப்புகளைத் துண்டு துண்டாகப் படிக்கையில் சாட்டா எஸ்எஸ்டி தருவது வினாடிக்கு 30, 40 மெகாபைட்தான். அது பழைய இணைப்பின் எல்லைக்கு வெகு கீழே. இதே கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் போட்டு என்விஎம்இ அட்டையைச் செருகுவதுதான் வீண்வேலை. விண்டோஸ் 10க்குள் அது தெரியும். ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸுக்கு என்விஎம்இ தெரியாததால் அதிலிருந்து கணினி பூட் ஆகாது. பொதுவாக 2014இல் வந்த இன்டெல் 9 வரிசைச் சிப்செட்டுகளிலிருந்துதான், அதுவும் பல போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்த பிறகே, என்விஎம்இயிலிருந்து பூட் செய்ய முடியும்.

எச்61 அடங்கிய 6 வரிசைத் தலைமுறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 6 வரிசைச் சிப்செட்டின் 3 கிகாபிட் சாட்டா இணைப்புகள் காலப்போக்கில் பழுதடையக்கூடும் என்று 2011 ஜனவரி 31 அன்று இன்டெல்லே அறிவித்து, முதல் தொகுதியைத் திரும்பப் பெற்றது. திருத்தப்பட்ட சிப் பி3 எனக் குறிக்கப்படும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா மின்இணைப்பு மிச்சம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய நான்கு முள் மோலெக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றித் தரும் மலிவான கேபிள்களில், கம்பிகளை உள்ளே வைத்துப் பிளாஸ்டிக்கை வார்த்த வகை உருகித் தீப்பிடித்ததுண்டு. தனித்தனிக் கம்பிகளைப் பற்களில் அழுத்திச் செருகிய வகை பாதுகாப்பானது.

தேர்வு

ஒரு ஃபிளாஷ் செல்லில் மூன்று பிட் எழுதுவது டிஎல்சி, நான்கு பிட் எழுதுவது கியூஎல்சி. கியூஎல்சி மலிவு, ஆனால் பெரிய கோப்புகளை எழுதும்போது அதன் சாயம் வெளுக்கும். சாம்சங் 870 கியூவிஓவின் 1 டிபி வடிவம் முதல் 42 ஜிபியை முழு வேகத்தில் எழுதிவிட்டு, பிறகு வினாடிக்கு 80 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும் என்று நிறுவனத்தின் விவரக்குறிப்பே சொல்கிறது. அது நல்ல ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தைவிடக் குறைவு. இயங்குதளத்துக்கு டிஎல்சியே ஏற்றது. விலை கட்டுப்படியானால், முகவரி அட்டவணையை வைத்துக்கொள்ளத் தனி டிராம் சிப் உள்ள எஸ்எஸ்டி இன்னும் நல்லது.

ஆயுள் பற்றிய பயம் பெரும்பாலும் பழங்கதை. சாம்சங் 870 ஈவோவின் 500 ஜிபி வடிவத்துக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் உண்டு. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட 40 ஆண்டு ஆகும். ஐந்து ஆண்டு உத்தரவாதக் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். தி டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்க இதழ் 2013 முதல் 2015 வரை ஆறு எஸ்எஸ்டிகளில் சாகும்வரை எழுதிப் பார்த்தது. ஆறும் 700 டெராபைட்டைத் தாண்டின. சாம்சங் 840 புரோ 2.4 பெட்டாபைட்டையும் கடந்தது. எழுதுவதைக் குறைக்கவென்று, ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைக்கும் பேஜ் ஃபைலை அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரைகளை இனி ஒதுக்கிவிடலாம்.

எஸ்எஸ்டி உண்மையில் கெடுவது பெரும்பாலும் கட்டுப்பாட்டுச் சிப்பாலும் அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலாலும்தான், அதுவும் முன்னறிவிப்பில்லாமல். குரூசியல் எம்4 எஸ்எஸ்டிகள் 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கொரு முறை கணினியை நிலைகுலையச் செய்தன. 2012 ஜனவரியில் புதிய ஃபர்ம்வேர் வந்து அதைச் சரிசெய்தது. புது எஸ்எஸ்டியைப் பொருத்தியதும் ஃபர்ம்வேரைச் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். போலிகளும் நிறைய. நம்ப முடியாத விலைக்கு விற்கும் 16 டிபி வெளிப்புற எஸ்எஸ்டிக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கும். ஜெர்மனியின் சிடி இதழ் வெளியிட்ட எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, எஸ்எஸ்டி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புதியது என்று வாங்கியதில் ஆயிரக்கணக்கில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாற்றும் முறை

முதல் வேலை பேக்கப். அது வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். மாற்றப்போகும் இரண்டில் ஒன்றில் இருப்பது பேக்கப் ஆகாது.

அடுத்தது குளோனிங்கா, புதிதாக நிறுவுவதா என்ற முடிவு. குளோனிங்கில் பழைய டிஸ்க்கில் உள்ளது அப்படியே வந்துவிடும், பல ஆண்டுக் குப்பை உட்பட. குளோன்ஜில்லா போன்ற இலவச நிரல்கள் இதைச் செய்யும். பழைய டிஸ்க் 500 ஜிபியும் எஸ்எஸ்டி 240 ஜிபியும் என்றால் முதலில் கோப்புகளை அகற்றிப் பகிர்வைச் சுருக்க வேண்டும். குளோன் முடிந்து முதல் முறை தொடங்கும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கையொப்ப எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவிடும்.

நேரம் இருந்தால் புதிதாக நிறுவுவதே மேல். விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டோடு பிணைந்தது என்பதால் டிஸ்க்கை மாற்றினால் போய்விடாது. நிறுவும்போது எஸ்எஸ்டி மட்டுமே இணைந்திருக்கட்டும். பழைய டிஸ்க்கும் இருந்தால் பூட் கோப்புகள் அதிலேயே தங்கிவிடக்கூடும். பிறகு ஒரு நாள் அதைக் கழற்றும்போது புது விண்டோஸும் எழாது. கடைகளுக்கு வரும் 'எஸ்எஸ்டி போச்சு' புகார்களுள் சில இவ்வகை.

பொருத்துவதில் சிரமம் இல்லை. மின்கம்பியை உருவி, பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வைக்கலாம். 3.5 அங்குல இடத்தில் 2.5 அங்குலப் பெட்டியைப் பொருத்தத் தகடு கிடைக்கும். எஸ்எஸ்டி அதிராது என்பதால் கேபினெட்டின் எந்தப் பக்கத்திலும் நிற்கும். 6 கிகாபிட் இணைப்பு இருந்தால் அதையே எஸ்எஸ்டிக்குத் தரவேண்டும்.

பயாஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று இருக்க வேண்டும். ஐடிஇ என்று இருந்தால் எஸ்எஸ்டி தன் முழுத் திறனைக் காட்டாது. ஆனால் ஏற்கெனவே நிறுவிய விண்டோஸில் இதைத் திடீரென மாற்றினால் நீலத் திரைதான் வரும். விண்டோஸ் 10இல் சேஃப் மோடு வழியாக மாற்றலாம். கடைசியாக பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வைக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் படங்களுக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். நீண்ட நாள் அலமாரியில் தூங்கவேண்டிய ஆவணங்களுக்கும் அதுவே பொருத்தம்: எழுதி எழுதி ஆயுள் முடிந்த எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதே ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம்.

ஐமேக்

மூடிய கணினிகளில் இந்த வேலை கடினம். ஆப்பிளின் 2009 முதல் 2011 வரையான ஐமேக்குகளில் ஹார்ட் டிஸ்க்கின் வெப்பநிலையை அதனுடன் இணைந்த உணரியோ, டிஸ்க்கின் தனி ஃபர்ம்வேரோ தெரிவிக்கும். வேறு டிஸ்க்கைப் போட்டால் வெப்பநிலை தெரியாமல் விசிறி முழு வேகத்தில் இரையும். இதற்கென்றே அமெரிக்காவின் ஓடபிள்யூசி நிறுவனம் தனி உணரிக் கேபிள் விற்றது. 2012 இறுதியில் வந்த மெல்லிய ஐமேக்கில் திரையே பசைப் பட்டையால் ஒட்டப்பட்டது. வெட்டித் திறந்து, புதுப் பட்டையால் மூட வேண்டும். மற்ற நிறுவன எஸ்எஸ்டிகளுக்கு ட்ரிம் வசதியை ஆப்பிள் தந்தது 2015 ஜூனில், ஓஎஸ் எக்ஸ் 10.10.4உடன்.

எல்லைகள்

வீடியோ தொகுப்பை வெளியிடும் நேரமும் விளையாட்டின் ஃபிரேம் எண்ணிக்கையும் செயலியையும் கிராஃபிக்ஸ் அட்டையையும் பொறுத்தவை. எஸ்எஸ்டியால் அவை மாறா. 2 ஜிபி, 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கணினியில் எஸ்எஸ்டி பற்றாக்குறையை ஓரளவு மறைக்குமே தவிரத் தீர்க்காது. கூடவே ரேமையும் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் என்பதால், எச்61 காலத்துக் கணினியில் எந்த எஸ்எஸ்டியைப் போட்டாலும் அது முறைப்படி ஏறாது. அத்தகைய கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து அது தடையின்றி ஓடும்.