குடவோலையும் வேலைப் பங்கீடும்

தாணேயில் முப்பது வருஷத்துக்கு மேல் பாத்திரக்கடை நடத்தியவன் நான். கொள்முதல், வசூல், கணக்கு மூன்றையும் ஒரே ஆளிடம் விட்டிருந்தேன். நாணயமான பையன்தான். ஆனால் ஒரு தீபாவளி சமயம் அவன் அவசரமாக ஊருக்குப் போக, யார் எவ்வளவு பாக்கி என்று முதலாளியான எனக்கே தெரியாமல் முழித்தேன். குற்றம் அவனுடையதல்ல, ஆளும் வேலையும் பொருந்தும் முறையை யோசிக்காத என்னுடையது.

எந்த வேலை, எந்த ஆள், எத்தனை நாள்? இந்த மூன்று கேள்விக்கும் சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் விடை வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். வந்தவாசிக்காரர்களான எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், சபை செய்த ஏற்பாடுகள் அங்கே இருக்கின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 921ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, சாத்திரக் கல்வி, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது ஆகியவை வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் எழுதக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடத்துக்குள் வர முடியாது. எப்படி அடைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

சிறியவரும் பெரியவரும் கூடிய சபை நடுவே, ஒரு பாலகன் ஓலை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பான். ஒளித்து மாற்ற இடமில்லை.

குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரையும் அப்படியே வேலையில் விட்டுவிடவில்லை. தோட்ட வாரியம், ஏரி வாரியம் முன்பு பார்த்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் தேர்ந்து 12 பேரைச் சம்வத்ஸர வாரியத்துக்கு வைத்தார்கள். மீதியில் 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. காலம் 360 நாள். இடையில் குற்றம் செய்தவர் உடனே நீக்கப்படுவார். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகக் குடவோலை. தகுதி முதலில், குலுக்கல் அடுத்து, அனுபவம் பார்த்துப் பங்கீடு பிறகு.

இதிலே எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியதுதான். 919இல் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 921இல் மாறியது. சொந்த ஏற்பாட்டையே மாற்றிக்கொள்ள அந்தச் சபை தயங்கவில்லை.

பழம்பெருமை பேசி மயங்கவும் கூடாது. அது பிராமணர் சபை. நிலமில்லாதவருக்கும் மற்றக் குடிகளுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. கிரேக்கத்து ஏதென்ஸ் நகரிலும் 500 பேர் கொண்ட மன்றத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைதான் இருக்கலாம். அங்கேயும் பெண்களும் அடிமைகளும் வெளியேதான். முறையை எடுத்துக்கொள்வோம், வேலியை விட்டுவிடுவோம்.

நம்ம வீட்டுப் பசங்க ஐரோலியிலும் பவாயிலும் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். ஒரு வேலை வந்தால், அதற்குத் தகுதியான பொறுப்பு எது, அந்தப் பொறுப்பில் இப்போது கை ஓய்ந்திருப்பவர் யார் என்று பார்த்து மென்பொருளே ஒப்படைக்கிறதாம். பில் போட்டவரே பில்லை அங்கீகரிக்க முடியாதபடி தடுப்பும் உண்டாம். கேட்டதும் எனக்குக் குடவோலைதான் ஞாபகம் வந்தது. மென்பொருள் அந்த நிமிஷத்தில் யார் ஓய்வு என்று பார்க்கிறது. உத்திரமேரூர் யார் ஓய்வெடுக்க வேண்டும் என்று பார்த்தது.

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று 52ஆம் அதிகாரமே வைத்தார். ஆளைத் தெரிந்து வேலை கொடு, கொடுத்தபின் அவனிடமே விடு என்பது அதன் சாரம்.

வெளிமாநிலத்தில் சங்கம் நடத்தும் நமக்கு இது வெறும் சரித்திரம் இல்லீங்க. எந்தச் சங்கத்திலும் நாலு பேரே பொங்கல் விழா, வசூல், மலர், கணக்கு எல்லாம் சுமக்கிறார்கள். அவர்கள் களைத்தால் சங்கமும் களைக்கிறது. இளையவர்கள் வரவில்லை என்று குறைப்படுகிறோம். அவர்கள் பெயரை எந்தக் குடத்தில் போட்டோம்? மூன்று வருஷம் செய்தவர் கணக்கை ஒப்படைத்து ஓய்வெடுக்கட்டும். ஒரு சின்ன வேலையாவது புதுக் கைக்குப் போகட்டும். என் கடையில் நான் தாமதமாகக் கற்ற பாடம் அதுதான்.