ஊசி வீட்டுக்கு வந்த கதை

1994-ல் என் அண்ணனுக்கு இதய வால்வில் கிருமித் தொற்று. பத்து நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் ஆறு வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கைதான், நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்காக. அண்ணியும் நானும் முறை போட்டுச் சாப்பாடு கொண்டுபோனோம். 2009-ல் பாரீஸ் பக்கம் இருக்கும் அக்காவுக்குக் கால் எலும்பில் தொற்று. இரண்டாம் வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்ச ஊசியெல்லாம் அவர் வீட்டுச் சமையலறையில்.

ஒரே மாதிரி வைத்தியம், ஏன் இந்த வித்தியாசம்? ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம், தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் 1974-ல் ரக்கர், ஹாரிசன் என்ற இரு மருத்துவர்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமலே நரம்பு ஊசி கொடுத்ததை எழுதினார்கள். பிறகு, நாளைக்கு ஒரு வேளை போட்டால் போதும் என்கிற செஃப்ட்ரையாக்சோன் வந்தது. ஆனால் என் குமாஸ்தா புத்திக்குப் பட்டது வேறு. 1983-ல் அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடு, ஆன செலவைக் கணக்குப் பார்த்துத் தருவதை விட்டு நோய்க்கு இவ்வளவு என்று தொகையை நிர்ணயித்தது. நோயாளி சீக்கிரம் வீடு போனால் ஆஸ்பத்திரிக்கு லாபம். வேடிக்கை என்னவென்றால், அதே காப்பீடு வீட்டில் ஏற்றும் ஆன்டிபயாடிக்குக்குச் சரியாகப் பணம் தராததால், முதியோர் பலர் ஊசிக்காகவே நர்சிங் ஹோமில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது.

பிரிட்டனில் படுக்கைக்கு நோயாளி பில் கட்டுவதில்லை. அதனாலோ என்னவோ, 1990-களின் கடைசியில்தான் அங்கே இது மெல்லப் பரவியது.

பிரான்சில் ஆன்டிபயாடிக்குக்காக எதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. நியூயார்க்கின் மான்டிஃபியோர் ஆஸ்பத்திரி 1947-ல் தொடங்கிய வீட்டுச் சிகிச்சையைப் பார்த்து, பாரீசின் தெனோன் ஆஸ்பத்திரி 1950-களிலேயே அதைத் தொடங்கிவிட்டது. 1970 டிசம்பர் 31-ஆம் தேதிச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அதோடு, டாக்டர் சீட்டைப் பார்த்து வீடு வீடாகப் போகும் ‘அன்ஃபிர்மியேர் லிபெரால்’, அதாவது சொந்தமாகத் தொழில் செய்யும் நர்ஸ், ஒவ்வொரு பேட்டையிலும் உண்டு. கூலி சோசியல் செக்யூரிட்டி கணக்கில்.

நம் நாட்டில் நர்ஸ்கூட இல்லாத இடத்தில் ஒன்று நடந்தது. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங்கும் ராணி பங்கும், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சீழ்ப்பிடிப்பு கண்ட பச்சிளங்குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஜென்டாமைசின் போட வைத்தார்கள். மற்ற கவனிப்புகளும் சேர்ந்து, பச்சிளங்குழந்தைகளின் மரணம் 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். என் அண்ணன் படுத்திருந்த அதே காலத்தில் தொடங்கிய வேலை அது!

அக்காவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். தினமும் நர்ஸுக்குக் காப்பி போட்டு வைப்பாராம். ஒருநாளும் அந்த அம்மா உட்கார்ந்து குடித்ததில்லையாம், அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று.