அன்னாசி

கேட்டால் கட்டுக்கதை போலிருக்கும்: நாம் பழக்கடையில் கேட்டு வாங்கும் அன்னாசி, பிரேசில் பழங்குடியினரின் சொல். தூப்பி மொழிக் குடும்பத்தினர் அந்தப் பழத்தை ‘நனா’, ‘நனாஸ்’ என்றார்கள். போர்த்துகீசியர் அதை ‘அனனாஸ்’ ஆக்கி, 16ஆம் நூற்றாண்டில் செடியோடு சேர்த்துச் சொல்லையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். தமிழ் நாக்கு அதை மெல்ல வளைத்து ‘அன்னாசி’ என்றது. இகர ஈறு வந்ததும் அது பிறந்த வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. அந்த இணக்கம்தான் எனக்குப் பெருவியப்பு.

மலையாளிகள் வேறு வழி கண்டார்கள். இலை தாழையைப் போலவும் பழம் பலாவைப் போலவும் இருப்பதால், இரண்டையும் கூட்டிக் ‘கைதச்சக்க’ என்று பெயரிட்டார்கள். எவ்வளவு கூர்மையான கண்!

அன்னாசி தனியாக வரவில்லை. முந்திரியும் பிரேசில் மரம்தான். தூப்பி மொழியின் ‘அகாஜு’, போர்த்துகீசிய ‘காஜு’ வழியாக இலங்கைத் தமிழில் இன்றும் ‘கஜு’வாக நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பாயசத்தில் மிதக்கும் கஜுவுக்குள் பிரேசில் கரையின் பேச்சொலி ஒன்று இருக்கிறது.