சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்: ஆறு கியர் மாற்றம்

சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரின் ஐந்து கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே குடும்பத்து எஸ்டிஐ காரின் ஆறு கியர் பெட்டியைத் துணைப் பாகங்களோடு பழையதாக வாங்கிப் பொருத்தும் வேலை இது. அமெரிக்காவில் 2002 மாடலாக வந்த டபிள்யூஆர்எக்ஸில் 2.0 லிட்டர் டர்போ இன்ஜின் 227 குதிரைத்திறன் தந்தது. 2004 மாடலாக வந்த எஸ்டிஐயில் 2.5 லிட்டர், 300 குதிரைத்திறன். டிஒய்856 என்ற குறியீடு கொண்ட ஆறு கியர் பெட்டி அதிகத் திறனைத் தாங்கும்படி செய்யப்பட்டது.

இன்ஜினின் திறனைக் கூட்டினால் முதலில் கைவிடுவது ஐந்து கியர் பெட்டிதான். கிளட்சைச் சட்டென்று விடும்போது நான்கு சக்கரமும் சாலையைக் கவ்விக்கொள்வதால், அதிர்ச்சி முழுவதும் கியர் பற்களில் இறங்குகிறது. மூன்றாம் கியரின் பல் உடைவது பரவலாகத் தெரிந்த பழுது. முன் டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள், அதே எண்ணெயில் ஓடுவதால், உடைந்த துண்டு அங்கும் போய்ச் சேரும்.

பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. பழைய பெட்டியில் முன் டிஃபரன்ஷியல் விகிதம் 3.90, பின்புறம் 3.54. பின்பக்கம் போகும் சுழற்சியைப் பெட்டிக்குள்ளேயே 1.1 மடங்கு குறைத்து அனுப்பும் பல்சக்கரங்கள் இருப்பதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. 2004 எஸ்டிஐ பெட்டியில் அந்தக் குறைப்பு இல்லை. முன்னும் பின்னும் 3.90. பழைய ஆர்160 பின் டிஃபரன்ஷியலை அப்படியே விட்டுவிட்டால், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே சுமார் 10 விழுக்காடு முரண் உண்டாகும். நேர்ச்சாலையில்கூட மைய டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடேறும். அதைப் பூட்டினால் டயரும் பற்களும் ஒன்றையொன்று முறுக்கும். ஆகவே எஸ்டிஐயின் ஆர்180 பின் டிஃபரன்ஷியல், அதற்குரிய ஆக்சில்கள், பின் ஹப், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் ஒரே காரிலிருந்து ஒரு செட்டாக வாங்குவதே சரி.

விற்பவர் சொல்லும் விகிதத்தை நம்ப வேண்டியதில்லை. 3.90 என்பது கிரவுன் வீலில் 39 பல்லும் பினியனில் 10 பல்லும், 3.54 என்பது 39-க்கு 11. இரு பக்க ஆக்சிலையும் சேர்த்து 10 சுற்று சுற்றினால், பினியன் முகப்பு முதலாவதில் 39 சுற்றும், இரண்டாவதில் முப்பத்தைந்தரைச் சுற்றுக்குக் கொஞ்சமே குறைவாகவும் சுற்றும். சாக்பீஸ் கோடு ஒன்று போதும்.

டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தையும் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு கிடைத்தால் அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் ஏற்றக்கூடாது. பொருத்திய பின் ஆறு கியர் பெட்டிக்கு 4.1 லிட்டர் எண்ணெய் வேண்டும். பழைய பெட்டிக்கு 3.5 லிட்டர்தான்.

எஸ்டிஐயின் மைய டிஃபரன்ஷியலில் பூட்டும் அளவைக் கூட்டிக் குறைப்பது மின்சாரம். கட்டுப்பாட்டுக் கருவியும் ஒயரிங்கும் இல்லாவிட்டால் 2004 மாடல் பெட்டி திறந்த டிஃபரன்ஷியலாகவே ஓடும். தனியாக விற்கும் கருவியைப் பலர் பொருத்துகிறார்கள். வாங்கும் காரின் ஆண்டையும் கவனிக்க வேண்டும். 2005 எஸ்டிஐ முதல் சக்கர போல்ட் வட்டம் 114.3 மி.மீ. ஆகிவிட்டது. 2004 ஹப்பில் அது பழைய 100 மி.மீ.தான், டபிள்யூஆர்எக்ஸின் சக்கரங்களையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.