செப்புப் பூச்சுப் பலகையை வீட்டில் வெட்டுதல்

செப்புப் பூச்சுப் பலகை என்பது மின்சுற்றுகளை அமைப்பதற்காக ஒரு புறத்திலோ இரு புறங்களிலோ மெல்லிய செப்புத் தகடு ஒட்டப்பட்ட காப்புப் பலகை ஆகும். பேச்சு வழக்கில் இது பிசிபி, காப்பர் கிளாட் என்று அழைக்கப்படுகின்றது. கடைகளில் குறிப்பிட்ட சில அளவுகளில் மட்டுமே கிடைப்பதால், தேவையான அளவுக்கு இதை வெட்டிக்கொள்ள வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில் மின்னணுப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற இடம் சென்னை சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெரு ஆகும். வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரத்திலிருந்து அது ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவு. அங்கிருந்து வாங்கி வந்த பலகை வெட்டும்போது பிளந்துபோனால் மாணவருக்கு அது சிறிய இழப்பு அன்று.

பலகையின் இயல்பு

வெட்டும் முறை பலகையின் வகையைப் பொறுத்தது. பழுப்பு நிறப் பலகை, காகித அடுக்குகளைப் பீனாலிக் பிசினில் தோய்த்துச் செய்யப்படுவது; மலிவானது, எளிதில் விரிசல் விடும். இதனை வெயிலில் சற்றுச் சூடாக்கிய பின் வெட்டினால் விரிசல் குறையும். எஃப்ஆர்-4 எனப்படும் பலகை கண்ணாடி இழைத் துணியையும் எப்பாக்சிப் பிசினையும் கொண்டது. செம்பு இல்லாத பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துணியின் நெசவு தெரியும். பொதுவான தடிப்பு 1.6 மி.மீ.; செப்புப் படலம் பெரும்பாலும் 35 மைக்ரோமீட்டர்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் தோல் வெட்டும் கூரிய கத்திகள் எளிதில் கிடைக்கும். அவற்றை இதற்குப் பயன்படுத்துவது வீண். கண்ணாடி இழை கத்தியின் கூர்மையை விரைவில் மழுக்கிவிடும். தகரம் வெட்டும் கத்தரியும் 1.6 மி.மீ. பலகைக்கு ஏற்றதன்று. வெட்டிய ஓரத்தில் அடுக்குகள் பிரிந்து வெண்மையாகத் தெரியும்.

கீறி ஒடித்தல்

வீட்டுக்கு மிகவும் ஏற்ற முறை இதுவே. அக்ரிலிக் தகடு வெட்டும் கொக்கிக் கத்தியோ, உடைந்த ஆக்சா பிளேடின் முனையைக் கொக்கி போலத் தீட்டிய கருவியோ போதும். தீட்டும்போது அடிக்கடி நீரில் தோய்க்காவிட்டால் எஃகு தன் கடினத்தன்மையை இழந்துவிடும். பிடிக்கும் பகுதியில் துணி நாடாவைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

எஃகு அளவுகோலைப் பலகையின் மேல் அழுத்திப் பிடித்து, முதலில் மெதுவாகவும் பின்னர் அழுத்தியும் பலமுறை கீற வேண்டும். செம்பு முழுவதும் அறுபட்டிருப்பது இன்றியமையாதது. இல்லையெனில் ஒடிக்கும்போது செப்புப் படலம் உரிந்து வரும். பின்பு பலகையைத் திருப்பி, அதே கோட்டுக்கு நேர் எதிரே மறுபுறமும் கீற வேண்டும். பலர் ஒரு புறம் மட்டும் கீறி நிறுத்திவிடுகின்றனர். கண்ணாடி இழைகள் இழுவிசையை நன்கு தாங்குபவை ஆகையால் அப்போது ஓரம் கிழிந்தது போலாகும். இரு பள்ளங்களும் சேர்ந்து தடிப்பில் பாதியளவு வந்தபின், கோட்டை மேசை விளிம்பில் பொருத்தி இரு திசைகளிலும் வளைத்தால் பலகை ஒடியும்.

வளைந்த வடிவங்களுக்கும் மிகக் குறுகிய துண்டுகளுக்கும் இம்முறை உதவாது; அறுக்கவே வேண்டும். வாளின் பற்களில் மூன்றாவது எப்போதும் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பது நல்லது என்பது பட்டறை வழக்கம். அங்குலத்துக்கு 32 பற்கள் கொண்ட பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.8 மி.மீ. ஆகும். செங்குத்தாக அறுத்தால் 1.6 மி.மீ. பலகையில் இரண்டு பற்களே படும். பலகையின் பரப்புக்கு 30 பாகை சாய்வில் பிடித்தால் வெட்டும் நீளம் 3.2 மி.மீ. ஆகி நான்கு பற்கள் படும்.

தூசியும் கழிவும்

அறுப்பதிலும் உப்புத்தாளால் தேய்ப்பதிலும் எழும் தூசியே இவ்வேலையின் உண்மையான தீங்கு. இழைகள் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியவை. தோலில் அரிப்பையும் கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சலையும் உண்டாக்கும். கீறி ஒடிக்கும் முறையில் தூசி குறைவு என்பது அதன் பெரிய நன்மை. ஓரத்தை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தல், முகமூடியும் கண்ணாடியும் அணிதல், தூசியை ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவை போதிய பாதுகாப்பு அளிக்கும். விளக்குமாற்றால் பெருக்கினாலோ வாயால் ஊதினாலோ தூசி மீண்டும் காற்றில் கலக்கும். சமையலறையில் இதைச் செய்யலாகாது.

எஃப்ஆர்-4 பலகையில் பெரும்பாலும் புரோமின் சார்ந்த தீத்தடுப்புப் பொருள் உள்ளது. எனவே துண்டுகளைக் குப்பையோடு எரித்தால் நச்சுப் புகை எழும். தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாறு மாசடைந்தது குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பகுதி இது. எஞ்சிய துண்டுகளையும் துடைத்த துணியையும் உறையில் கட்டி, மின்னணுக் கழிவு பெறுவோரிடம் கொடுக்க வேண்டும்.