நாய்க்கடி ஊசியும் வாதமும்

வயிற்றில் 14 ஊசி! அந்நாளில் இதற்கு நடுங்காதவர் உண்டோ? வலியைவிடப் பெரிய ஆபத்தும் அதில் ஒளிந்திருந்தது.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய முறையில், விலங்கின் மூளையில் வளர்த்த வெறிநோய் வைரஸைப் பீனாலால் செயலிழக்கச் செய்தனர். நம் குன்னூர் பாஸ்டர் நிலையமும் செம்மறியாட்டு மூளையிலிருந்து தடுப்பு மருந்து தயாரித்தது. ஊசி போட்டுக்கொண்ட ஒரு சிலருக்குக் கைகால் வாதம் கண்டது. வைரஸின் வேலையோ?

1933-இல் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ், நோயற்ற முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். சில குரங்குகளுக்கு வாதம் வந்தது! வைரஸ் அன்று, மூளைத் திசுவே காரணம். அதிலுள்ள மயலின் என்னும் நரம்புறைப் பொருளை எதிர்க்கக் கற்ற உடல், தன் நரம்புறையையே தாக்கியது.

ஆயினும் வெறிநோய் கண்டால் சாவு ஏறக்குறைய உறுதி. ஊசியை எப்படிக் கைவிடுவது? திசு வளர்ப்புத் தடுப்பூசிகள் வந்த பின்னும், மலிவு என்பதால் பழையது நீடித்தது. இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றது 2004 இறுதியில்தான்.