ஆராய்ச்சி மணியும் நம் பிள்ளைகளும்

மனுநீதிச் சோழன் வரலாற்றை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை எனலாம். தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற நம் தலைமுறையினர், ஆசிரியர் வாயிலாக முதன்முதலில் கேட்ட கதைகளுள் அதுவும் ஒன்று. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியை அடித்தது. கன்று இளவரசனின் தேர்க்காலில் சிக்கி மாண்டதென அறிந்த மன்னன், தன் ஒரே மகனையும் அவ்வாறே தேர்க்காலில் இடத் துணிந்தான். ஆணையை நிறைவேற்ற மனமில்லாத அமைச்சன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள, மன்னனே தேரைச் செலுத்தினான். இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் அமைச்சனையும் உயிர்ப்பித்தருளினான் என்பது சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் கூறும் வரலாறு.

இஃது அவர் காலத்தில் தோன்றிய கதையன்று. சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் நீதி கேட்டு நின்ற கண்ணகி, தன் நாட்டின் பெருமையாக எடுத்துரைப்பது இந்நிகழ்ச்சியைத்தான். திருவாரூர்த் திருக்கோயிலில் விக்கிரம சோழன் (1118–1135) காலத்துக் கல்வெட்டொன்றும் இதனை விரித்துரைக்கின்றது. கோயிலருகே அமைந்த கல்தேர், இன்றும் காண்போருக்கு அதனை நினைவூட்டுகின்றது.

இதனினும் வியப்பூட்டும் சான்று ஒன்று இலங்கையில் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் அரசாண்ட சோழ நாட்டவனாகிய எல்லாளனைப் பற்றியும் இதே மணிக்கதை கூறப்படுகின்றது. கூறுவது தமிழ் நூலன்று; பௌத்தப் பிக்குகள் பாலி மொழியில் இயற்றிய மகாவம்சம். எல்லாளனைப் போரில் வென்ற துட்டகைமுனுவே அந்நூலின் பெருந்தலைவன். ஆயினும், எல்லாளன் 44 ஆண்டுகள் நண்பர், பகைவர் என்னும் வேறுபாடின்றி வழக்குகளை ஆராய்ந்து முறை செய்தான் என அந்நூல் ஒப்புக்கொள்கின்றது. ஒருமுறை அவனது தேரின் நுகத்தடி முனை பட்டுப் பௌத்தத் தூபியொன்று சிதைந்தது. தான் வழிபடும் சமயத்தின் சின்னமன்று அது. எனினும் தேரினின்று இறங்கிப் பாதையில் கிடந்து, அத்தேர்க்காலாலேயே தன் தலையைத் துண்டிக்குமாறு அமைச்சர்களிடம் கூறினான். அவர்கள் அவனை அமைதிப்படுத்தித் தூபியைச் சீர்செய்யுமாறு வேண்டினர். பெயர்ந்தவை 15 கற்களே. அவற்றுக்காக 15,000 காசுகளைச் செலவிட்டான் என்கிறது மகாவம்சம். எல்லாளன் களத்தில் வீழ்ந்தபின், அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அவ்விடத்தைக் கடப்போர் வாத்தியங்களை நிறுத்தி மரியாதை செய்யுமாறு ஆணையிட்டவனும் வென்ற துட்டகைமுனுதான். பகைவனும் தலைவணங்கும் செல்வம் நடுவுநிலைமை ஒன்றே போலும்!

இக்கதைகளைக் கேட்கும் பிள்ளைகள், "மகனைக் கொல்வதா நீதி?" என்று வினவுவதுண்டு. அது நியாயமான வினாவே. தண்டனையின் கடுமையை நாம் போற்ற வேண்டியதில்லை. கதையின் உயிர்நாடி வேறு இரண்டு செய்திகளில் உள்ளது. ஒன்று, வாய் பேசாத விலங்குக்கும் எட்டும் வகையில் மணிக்கயிறு தொங்கியது. மற்றொன்று, பிறருக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோலைத் தன் பிள்ளைக்கும் மன்னன் கொண்டான். முறையிட வழியும் ஒரே அளவுகோலும் இருக்குமிடத்தில்தான் நீதி வாழும்.

இது மன்னர்க்கு மட்டும் உரியதென்று எண்ணுதல் கூடாது. திருவள்ளுவர் அரசனுக்குரிய செங்கோன்மையைப் பொருட்பாலில் வைத்தார். நடுவு நிலைமை என்னும் 12ஆம் அதிகாரத்தையோ அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார். குடும்பம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய குணம் அது என்பது இதனால் விளங்கும். செய்ந்நன்றி அறிதலை அடுத்து அவ்வதிகாரம் அமைந்ததற்குப் பரிமேலழகர் கூறும் காரணம் நம் சிந்தனைக்குரியது. நமக்கு நன்மை செய்தவரை நினைக்குங்கால் நடுவுநிலைமை சிதையக்கூடும். அங்கும் அது சிதையலாகாது என்கிறார். ஆலயத்துக்குப் பெருநன்கொடை வழங்கியவர், நம் மேலதிகாரி, நம் உறவினர் ஆகியோர் முன்னிலையில்தான் நம் தராசு சாய்கின்றது என்பதை அவர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்கிறார்!

நாம் வாழும் பினாங்குத் தீவுக்கும் நீதியைத் தேடிய வரலாறு உண்டு. 1807இல் வழங்கப்பட்ட நீதிப் பட்டயத்தால் இங்கு முறையான நீதிமன்றம் அமைந்தது. பாலிக் புலாவிலிருந்து மலைச்சாலை கடந்து ஜார்ஜ் டவுன் செல்லும் நாம், அந்நகர நீதிமன்றத்தின் அருகே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் நினைவுச் சின்னத்தைக் காணலாம். ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைக்காகவும் வாதாடியவர் அவ்வழக்கறிஞர், 1869இல் மறைந்தார். அறிவு, துணிவு, தன்னடக்கம், நீதி ஆகிய நான்கு பண்புகளின் உருவங்கள் அச்சின்னத்தைச் சூழ்ந்துள்ளன. சரிவர நிருவகிக்கப்படாத அறக்கொடைச் சொத்துகளைப் பேணுதற்பொருட்டு, 1906இல் இந்து, முஸ்லிம் அறக்கொடைகளுக்கான வாரியம் இங்கு அமைக்கப்பட்டது. இறைவன் பெயரால் வந்த பொருளுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நியதி நமக்குப் புதிதன்று என்பதை இதனால் அறியலாம்.

நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 1980களில் நன்னெறிக் கல்வி அறிமுகமானபோது, கற்பிக்க வேண்டிய 16 நற்பண்புகளுள் நீதியும் ஒன்றாக இடம்பெற்றது. பிள்ளைகள் அதன் விளக்கத்தை மனனம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். ஆனால் மனனத்தால் மட்டும் பண்பு வருமா? யாழ் மீட்டியே யாழிசைஞன் ஆவது போல, நீதியான செயல்களைச் செய்தே ஒருவன் நீதியாளன் ஆகிறான் என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்து.

இதனை எனக்குக் கற்பித்தவள் என் மகள். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோயில் திருவிழாவின் அன்னதானத்தில் நான் தொண்டு செய்துகொண்டிருந்தேன். எனக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் வந்தார். வரிசையைத் தவிர்த்து அவரை உள்ளே அழைத்துச் சென்று அமர்த்தினேன். அப்பொழுது எட்டு வயதான மகள், "அப்பா, அந்தப் பாட்டி ரொம்ப நேரமாக நிற்கிறார்களே?" என்றாள். பேச்சை மாற்றினேன். முதல் தவற்றினும் அது பெரிய தவறு. அதற்குச் சில நாள் முன்புதான் மனுநீதிச் சோழன் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன்! நாள்தோறும் அலுவலகத்தில் பொதுமக்களை வரிசைப்படி கவனிக்கும் அரசாங்க ஊழியன் நான் என்பது நினைவுக்கு வரவே, நாணினேன். அன்றிரவு அவளை அழைத்து, "நீ கேட்டது சரி, அப்பா செய்தது தவறு" என்று ஒப்புக்கொண்டேன். பெற்றோர் தம் பிழையை ஒப்புக்கொள்வதைக் காணும் பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

ஆகவே, நம் ஆலயத்தையே நடுவுநிலைமையின் பயிற்சிக்களமாக ஆக்கலாம். அர்ச்சனைத் தட்டு ஏந்தி நிற்போர் யாவராயினும் வந்த முறைப்படி வழிபடட்டும். பிரசாதத்தைச் சமமாகப் பங்கிடும் பொறுப்பை வாரம் ஒரு பிள்ளையிடம் ஒப்படைப்போம். திருவிழா வரவு செலவுக் கணக்கை எல்லோரும் காணும் வண்ணம் அறிவிப்புப் பலகையில் இடுவோம். குறை கூற வருவோர் இளையோராயினும், ஏழையராயினும் நிருவாகத்தினர் செவிமடுப்போம். வீட்டிலும் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடின்றி வேலையையும் பரிசையும் பகிர்ந்தளிப்போம்.

ஆலய மணி இறைவனை வழிபட நம்மை அழைக்கின்றது. எளியோர் குறையைக் கேட்கவும் அஃது அழைப்பதாகவே கொள்வோம். அம்மணியோசை கேட்டு வளரும் நம் பிள்ளைகள், தமக்கு வேண்டியவர் பக்கம் சாயாத நெஞ்சினராய்த் திகழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!